எட்டுக் குழாயும் அறுபது தாகமும்

மேற்கே பாலக்காட்டுக் கணவாயின் வழியே நுழைந்த காற்று, ஆடித் திங்களின் வீறெல்லாம் அடங்கி, புரட்டாசி வெயிலில் குளித்தெழுந்து, கிணத்துக்கடவைச் சூழ்ந்த தென்னந்தோப்புகளின் ஓலைகளை ஒவ்வொன்றாய்த் தட்டி நலம் கேட்டுச் சென்றுகொண்டிருந்த நண்பகல் அது. பொன்மலையின் படிகள் வெயிலேறி ஆளின்றிக் கிடக்க, அடிவாரத்தில் இளநீர்க் குலைகளைச் சுமந்த வண்டிகள் நிழல் தேடி ஒதுங்க, கோவைக்கும் பொள்ளாச்சிக்குமாய் விரையும் பேருந்துகள் மட்டும் வெயிலையும் பொருட்படுத்தாமல் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. ஊரின் தென்கோடியில் வேப்பமரங்கள் வேலியாய் நிற்கும் பள்ளியில் உணவு வேளைக்கான மணி ஒலித்தது. கூடு கலைந்த கிளிக்கூட்டம்போல் பிள்ளைகள் முற்றத்தை நிறைத்தார்கள்; உணவுக் கலங்கள் திறந்தன; புளிச்சோற்று மணமும் தயிர்ச்சோற்று மணமும் கலந்து எழுந்து, வேப்பமரத்துக் காக்கைகளை ஒரு கிளை கீழே இறக்கின.

முற்றத்தின் நடுவே எட்டுக் குழாய்கள் பதித்த தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதனருகே, ஒரு கையில் கரிக்கோலும் மறுகையில் குறிப்பேடுமாக, தன்னால் விடுவிக்க முடியாத சிறு புதிர் ஒன்றோடு நின்றுகொண்டிருந்தாள் ஆசிரியை அன்புக்கரசி. படிக்கும் அன்பரே, அப்புதிரை நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவர் இருநூற்று நாற்பதின்மர், குழாய்கள் எட்டு, எனவே குழாய் ஒன்றுக்கு முப்பதுபேர். குவளையை நிரப்பிக் குடித்து நகர ஒருவருக்கு ஆவது இருபது நொடி. முப்பதுபேருக்கு அறுநூறு நொடி. அதாவது பத்து மணித்துளி. உணவுக்குப்பின் தண்ணீருக்கென்று விடப்படுவதோ பதினைந்து மணித்துளி. கணக்கின்படி எல்லோரும் குடித்தபின்னும் ஐந்து மணித்துளி எஞ்ச வேண்டும். ஆனால் நாள்தோறும் மணியடிக்கும்போது அறுபது பிள்ளைகள் வெறுங்குவளையோடு வரிசையில் நின்றார்கள். வீட்டிலிருந்து கொண்டுவரும் நீர் காலையிலேயே தீர்ந்துவிடுவதால், நாவறண்ட அந்த அறுபதின்மரும் பிற்பகலின் முதற்பாடத்தில் ஒருவர்பின் ஒருவராய் எழுந்து தண்ணீருக்குப் போக இசைவு கேட்டார்கள். அந்த முதற்பாடம் பெரும்பாலும் கணக்குப் பாடமாய் வாய்த்தது.

புதிரின் விந்தை இன்னும் ஒன்று உண்டு. மூன்று திங்களுக்கு முன்னர் இதே குழாய்கள், இதே பிள்ளைகள், இதே பதினைந்து மணித்துளி. அன்று முழங்கை இடிபட்டது, குவளை பறிபட்டது, சட்டைப் பொத்தான் தெறித்தது. ஆனால் தாகத்தோடு திரும்பியவர் ஒருவரும் இல்லை. இன்றோ இடியும் இல்லை, பறியும் இல்லை, தண்ணீரும் இல்லை!

இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்தது அன்புக்கரசியின் வரவு. இரண்டாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு ஆகிய மூன்றுக்கும் கிழமைக்கு ஒரு பாடவேளை 'உள்ளப் பயிற்சி' நடத்தவென்றே, ஓராண்டுக்கு மட்டும் என்ற ஏற்பாட்டில் அவளைப் பள்ளி அமர்த்தியிருந்தது. ஒரு பொருளையே மூன்று அகவையினர்க்கு மூன்று விதமாய்ச் சமைத்துத் தருவதில் அவளுக்கு அடங்காத ஆர்வம். சினம் வந்தால் சுடுசோற்றை ஊதுவதுபோல் உள்ளங்கையில் மூன்றுமுறை ஊதிவிட்டுப் பேச வேண்டுமென்று சிறுவர்க்குக் காட்டுவாள். நடந்தது என்ன, என் மனத்தில் பட்டது என்ன, எனக்கு வேண்டுவது என்ன என்று மூன்றே சொற்றொடரில் கையோங்காமல் சொல்லிப் பழக ஏழாம் வகுப்பினர்க்குக் கற்பிப்பாள். பதினோராம் வகுப்பினரையோ, எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அவர் சொன்னதை அவரே ஒப்பும்படி திருப்பிச் சொன்னபின்னரே தம் கருத்தைச் சொல்ல வைப்பாள். மூவர்க்கும் பொதுவாக அவள் வைத்த பாடம் ஒன்றுதான்: பிறர்க்கு விட்டுக்கொடுத்தல். மூன்று வகுப்பில் ஊன்றிய அந்த விதை, மழை கண்ட அவரைக்கொடிபோல் வேலி தாண்டிப் பள்ளியெங்கும் படர்ந்துவிட்டது. குழாயடியில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்கும் அழகைக் காணுந்தோறும் அவள் நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சுக்குக் குறை தெரியாது என்பதுதான் அவள் செய்த பிழை.

கணக்காசிரியர் திருமூர்த்தி நாற்பத்தெட்டு அகவையினர். கையில் வெண்கட்டித் துகளும் நாவில் நகைச்சுவையும் எந்நேரமும் ஒட்டியிருப்பவர். திங்களன்று பிற்பகல் அவர் தலைமையாசிரியை சாஜிதா பேகத்தின் அறைக்குள் நுழைந்தபோது அன்புக்கரசியும் அங்கே இருந்தாள்.

"ஏனுங் அம்மணி," என்றார் அவளைப் பார்த்து, "உங்க பாடத்துனால பசங்களுக்கு அடக்கம் வந்துபோட்டுதுங்க, நான் இல்லைங்கலை. முன்னெல்லாம் எதுக்குன்னாலும் சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சு ஓடுவானுங்க. இப்ப ஒவ்வொருத்தனும் கையக் கட்டிக்கிட்டு, 'சார், எனக்குத் தாகமா இருக்குங்க, அதனால பாடத்துல மனசு நிக்கலைங்க, போயிட்டு வரட்டுங்களா?'ன்னு மூணு வாக்கியத்துல கேக்கறானுங்க. பத்துப்பேரு கேட்டு முடிக்கறதுக்குள்ள எனக்குப் பத்து நிமிஷம் போச்சுங்க!"

சாஜிதா பேகம் சிரிப்பை அடக்க மேசைமேலிருந்த தாள்களை அடுக்கினார். கோவைக் கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்த அவர், சிரித்துக்கொண்டே கண்டிப்பான முடிவுகளை எடுக்கவல்லவர்.

"சார் சொல்றது நியாயந்தானுங்க," என்றார். "நாளுக்குப் பத்து நிமிஷம் கணக்குக்கு நட்டம். அந்தப் பயிற்சிப் பீரியடக் கணக்குக்கே குடுத்துருங்கன்னு சார் எழுதிக் கேட்டிருக்கார். அன்புக்கரசி, எனக்கும் உங்க பாடம் புடிச்சதுதான். ஆனா தாகத்தோட ஒக்காந்திருக்கற புள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே வந்து எண்ணிப் பாப்பேன். அன்னிக்கும் வரிசை நின்னுதுன்னா அந்தப் பீரியடு கணக்குக்குப் போயிரும்."

பாடவேளை போனால் அதற்கென்றே வந்த பணியும் போகும் என்பதைச் சொல்லாமலே மூவரும் அறிவார்கள். "சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்த அன்புக்கரசி, உள்ளங்கையில் மூன்றுமுறை ஊதிக்கொண்டாள்.

எதையும் பிரித்து உள்ளே பார்த்தால்தான் அவள் மனம் ஆறும். அன்று மாலையே தொட்டியின்மேல் ஏறி நீர்மட்டம் பார்த்தாள்; நிறைந்திருந்தது. எட்டுக் குழாய்களையும் ஒவ்வொன்றாய்த் திறந்து, கைப்பேசியின் நொடிக்கணக்கை ஓடவிட்டு, குவளை நிரம்பும் நேரம் அளந்தாள். எட்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒரே அளவாய் ஓடின. சிறுவர் பகுதியில் நான்காம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தனியே நான்கு குழாய்கள் இருந்தன. அங்கே எவரும் தாகத்தோடு திரும்புவதில்லை. சின்ன வயிறு, சின்னக் குவளை, விரைந்து முடிகிறது என்று எண்ணி அதை அவள் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி, அடித்தும் விட்டாள். அன்பரே, விடை அந்த அடித்த வரியில்தான் இருந்தது.

செவ்வாயன்று அவள் கண்ட வழி, குழாய்க்கு ஒருவராகப் பதினோராம் வகுப்பினர் எண்மரை மேற்பார்வைக்கு நிறுத்துவது. அவர்களுள் முதலாமவள் லோகப்பிரியா. நெட்டையான, நேர்மையான, தன்மேல் யாரும் ஒரு குறை சொல்லிவிடக்கூடாதென்று எப்போதும் கவனமாயிருக்கும் பெண். மற்றவர் குடிக்குமுன் மேற்பார்வையாளர் குடிப்பது முறையன்று என்று அந்த எண்மரும் குவளையைத் தொடாமல் நின்றனர். அக்காவும் அண்ணனும் வெயிலில் நிற்கத் தாம் குடிப்பது முறையன்று என்று வரிசையின் முதலில் நின்றவர்கள் தயங்கினர். அன்று தாகத்தோடு திரும்பியவர் எண்பதின்மர். பிற்பகல் கணக்கு வகுப்பிலிருந்து திருமூர்த்தியின் குரல் முற்றம் வரை கேட்டது: "ஒவ்வொருத்தனா வேண்டாங்கப்பா, எல்லாருமாச் சேந்தே கேட்டுப்போடுங்க!"

புதனன்று அன்புக்கரசி குழாயடியில் நின்று ஒவ்வொருவரும் குடித்து நகரும் நேரத்தை அளந்தாள். நேரம் சரியாக இருபது நொடிதான். ஆனால் ஒருவர் நகர்ந்து அடுத்தவர் குவளை நீரைத் தொடும்வரை மேலும் இருபது நொடி எங்கோ கசிந்து மறைந்தது. குழாயில் இல்லாத கசிவு எங்கே இருக்கும் என்று எண்ணியபடியே, உண்ணவும் மறந்து, நொடிக்கணக்கை நிறுத்தவும் மறந்து, ஆசிரியர் அறைக்குள் போய் அமர்ந்தாள்.

அங்கே திருமூர்த்தி வாழையிலை விரித்த தூக்கு ஒன்றைத் திறந்துவைத்து, தலைமையாசிரியைக்குப் பரிமாறி முடித்திருந்தார். நெய்யில் மினுங்கும் ஒப்பிட்டு என்னும் கொங்கு நாட்டுப் போளி, உள்ளே தேங்காய்ப் பூரணத்தோடு, அடுக்கடுக்காய் மணத்தது. சண்டை பாடவேளைக்கே ஒழியப் பலகாரத்துக்கு இல்லை என்பது அவர் கொள்கை.

"எங்க ஊட்ல செஞ்சதுங்க. எடுத்துக்கோங்க அம்மணி."

"வேண்டாங்க சார். நீங்க சாப்பிடுங்க."

"அட, எடுங்க. நெறையா இருக்குது."

"இல்லீங்க சார், இப்பத்தானுங்க சாப்பிட்டேன்," என்றாள், காலையில் உண்ட இரண்டு இட்டிலியைத் தவிர வேறொன்றும் அறியாத வயிற்றோடு.

"எம்மேல கோவமுங்களா? ஒண்ணே ஒண்ணு."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க…" என்று இழுத்தபடி அவள் கை மெல்ல நீண்டபோது, இரண்டாம் வகுப்புச் சிறுமி ரம்ஷா வருகைப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயிலில் தோன்றினாள்.

"வா கண்ணு, ஒப்பிட்டு தின்னறியா?" என்றார் திருமூர்த்தி.

"சரிங்க," என்றாள் ரம்ஷா. பதிவேட்டை மேசைமேல் வைத்தாள், ஒப்பிட்டை வாங்கினாள், "நன்றிங்க சார்," என்று சொல்லி, வாயிலைத் தாண்டுமுன்னரே பாதியைத் தீர்த்தாள்.

எதிரே அமர்ந்திருந்த சாஜிதா பேகம் நகைத்தார். "பாத்தீங்களா சார்? எனக்கும் இதே மாதிரி மூணு தரம் சொல்லித்தான் குடுத்தீங்க. முதல் தரமே வாங்கறதுக்கு நமக்குத்தான் வாய் வரலை."

அன்புக்கரசி கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. உட்காரும்போது கண்ணில் பட்ட எண் நினைவிருந்தது. தான் மறுத்து மறுத்து இன்னும் ஒப்பிட்டைத் தொடாத நேரம் இருபது நொடிக்கு மேல். ரம்ஷா வாங்கிப் போனதற்கோ மிஞ்சினால் நான்கு நொடி. இருட்டறையில் சாளரம் திறந்ததுபோல் குழாயடி முழுவதும் அவள் உள்ளத்தில் ஒளிபெற்றது. "சார்!" என்று எழுந்தாள், எழுந்த வேகத்தில் ஒப்பிட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். "கசிவு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சுங்க! குழாயில இல்லைங்க, நம்ம நாக்குல!"

அவள் கண்டது இதுதான். கொங்கு நாட்டில் ஒன்றைக் கொடுப்பவர் மும்முறை கொடுப்பதும், பெறுபவர் இருமுறை மறுப்பதும் பண்பாடு. விருந்தில் அது இனிது. இலையில் இன்னொரு கரண்டி விழுவதற்கு முன் கையை நீட்டி மறைப்பதில்கூட ஓர் அழகு உண்டு. ஆனால் அவள் கற்பித்த விட்டுக்கொடுத்தலும், வீட்டில் பழகிய இந்த மறுத்தலும் குழாயடியில் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டன. முறை வந்தவன் பின்னால் திரும்பி, "நீங்க குடிங்க" என்பான்; பின்னவன், "இல்லீங்க, நீங்க குடிங்க" என்பான்; அவர்களுக்கு நடுவே தண்ணீர் கேட்பாரின்றி ஓடும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் இருபது நொடி கூடினால் ஒருவர்க்கு நாற்பது நொடி. பதினைந்து மணித்துளியில் எட்டுக் குழாயிலும் குடிக்க முடிந்தவர் நூற்றெண்பதின்மர். எஞ்சியவர் அறுபதின்மர்! எண்கள் கையோடு கை கோத்து நிற்பதைக் கண்ட திருமூர்த்தி, தம்மை அறியாமலே வெண்கட்டியை எடுத்து அக்கணக்கை மேசைமேலேயே போட்டுப் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தானுங்க இருக்குது," என்றார். பிறகு, "இதச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானுங்களே அம்மணி?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"பாதிதானுங்க சொல்லிக் குடுத்தேன் சார். மீதிப் பாதிய விட்டுப்போட்டேன்."

அந்த மறுபாதியை வியாழனன்று கற்பித்தாள். சிறுவர்க்கு அப்பாடம் தேவைப்படவே இல்லை. மறுக்கும் கலையை அவர்கள் இன்னும் கற்றிருக்கவில்லை. அடித்த வரியின் பொருள் இப்போது புரிந்தது. ஏழாம் வகுப்பில் மதன்குமார் என்னும் துடுக்கன் எழுந்து, "மிஸ், கொடுத்ததும் வாங்கிக்கிட்டா, காஞ்ச மாடு கம்புல பூந்த மாதிரின்னு சிரிப்பாங்கல்லங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஒருவர் கொடுக்கும்போது அவர் உண்மையாகவே கொடுக்கிறார் என்று நம்புவதும் அவர்க்குச் செய்யும் மரியாதைதான் என்றும், மறுபடி மறுபடி மறுத்தால் கொடுப்பவருக்கே வேலை கூடுகிறது என்றும் அவனுக்கு விளக்கி, இருவர் இருவராய் நிறுத்தி, குவளையைக் கொடுத்தும் வாங்கியும் நொடி எண்ணிப் பழக்கினாள். ஆறு நொடி ஐந்தாயிற்று; ஐந்து நான்காயிற்று; யார் விரைவாகப் பெறுவது என்பதே அவர்கட்கு விளையாட்டாயிற்று.

இடறியது பதினோராம் வகுப்பில்தான். அகவை ஏற ஏற மறுப்பின் வேரும் ஆழமாய் இறங்கியிருந்தது. "எங்களுக்கு வேணுங்கறதே இல்லைன்னு நெனைச்சுப் பழகிட்டோம் மிஸ்," என்று லோகப்பிரியா தலைகுனிந்து சொன்னாள். "வேணும்னு சொன்னா என்னமோ தோத்துப்போன மாதிரி இருக்குதுங்க." அந்தச் சொல் அன்புக்கரசியின் நெஞ்சில் தைத்தது, ஏனெனில் அது அவளுக்கும் பொருந்தும் சொல். விளக்கம் சொல்லாமல், சிறுவர் பகுதிக்கு ஆளனுப்பி ரம்ஷாவை வரவழைத்தாள். முப்பது பெரிய பிள்ளைகள் முன் நின்ற அந்தச் சிறுமியிடம், "யாராவது ஒண்ணு குடுத்தா நீ ஏன் கண்ணு உடனே வாங்கிக்கறே?" என்று கேட்டாள்.

ரம்ஷா அக்கேள்வியின் பொருள் விளங்காமல் அனைவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அவங்க குடுத்தாங்க," என்றாள். "எனக்கு வேணுங்க. அதான்."

வகுப்பு சிரித்தது. அன்று முழுதும் பதினோராம் வகுப்பினர் ரம்ஷாவின் மூன்று சொற்றொடர்களை ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகினர். மாலைக் கூட்டத்தில் அதே பாடம் பள்ளி முழுதிற்கும் சொல்லப்பட்டது.

வெள்ளிக்கிழமை நண்பகல். சாஜிதா பேகம் கையில் மணியோடும், திருமூர்த்தி கைக்கடிகாரத்தோடும் குழாயடிக்கு வந்தனர். சிறுவர் பகுதியின் குட்டைச் சுவரில் ரம்ஷாவும் அவள் தோழிகளும் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தனர். எட்டு வரிசைகளும் நகரத் தொடங்கின. "நீங்க குடிங்க." "சரிங்க, நன்றிங்க." குவளை நிறைந்தது, காலியானது, நகர்ந்தது. நெசவுத் தறியில் நாடா ஓடித் திரும்புவதுபோல் கொடுத்தலும் பெறுதலும் மாறிமாறி ஓட, முற்றமெங்கும் தண்ணீர் ஓசை நிறைந்தது. மூன்றாம் குழாயில் மட்டும் ஒரு தடை. முறை வந்த மதன்குமார் பின்னால் திரும்பி, "அக்கா, நீங்க குடிங்க," என்றான். பின்னால் நின்ற லோகப்பிரியா, "இல்ல கண்ணு, நீ…" என்று தொடங்கி, அப்படியே நின்றாள். வரிசை நின்றது.

"அக்கா! வாங்கிக்கோங்க!" என்றது சுவரிலிருந்து ஒரு கீச்சுக் குரல்.

முற்றம் முழுதும் சிரிப்பு வெடித்தது. லோகப்பிரியாவும் சிரித்துவிட்டாள். "சரி கண்ணு. எனக்கு வேணும். நன்றி," என்று சொல்லிக் குவளையை நீட்டினாள், முகத்தில் தெறித்த நீரோடு நிமிர்ந்தபோது, தோற்றவளின் சாயல் அவளிடம் சிறிதும் இல்லை.

கடைசிப் பிள்ளை குடித்து நகர்ந்தபோது திருமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர்க்கு இருபத்துநான்கு நொடி, பன்னிரண்டு மணித்துளி. மூன்று மணித்துளி எஞ்சியிருந்தது. வரிசையில் ஒருவரும் எஞ்சவில்லை. சாஜிதா பேகம் எண்ணுவதற்கு ஆளின்றி மணியை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பீரியடு உங்களோடதே, அன்புக்கரசி," என்றார். "அடுத்த வருசத்துக்கும் சேத்தே எழுதிக் குடுத்தர்றேன்."

திருமூர்த்தி தொண்டையைச் செருமினார். "எனக்கு நாளுக்குப் பத்து நிமிஷம் திரும்பக் கெடைச்சிருக்குதுங்க. ஒம்பதாம் வகுப்புக்கு உங்க பாடமே இல்லையாமுங்களே? எம்பட பீரியடுல கிழமைக்கு ஒண்ணு நீங்க எடுத்துக்கோங்க அம்மணி."

'வேண்டாங்க சார், உங்களுக்கு எதுக்குங்க சிரமம்' என்னும் சொற்கள், பரம்பரை பரம்பரையாய்ப் பழகிய தடத்தில், அவள் நாநுனிவரை ஓடி வந்து நின்றன. முற்றத்தின் இருநூற்று நாற்பது இணை கண்களும் அவள்மேல் இருந்தன.

"சரிங்க சார்," என்றாள் அன்புக்கரசி. "எனக்கு அது வேணுங்க. நன்றிங்க."

அன்று மாலை தொட்டியின் நெற்றியில், தொலைவிலிருந்தும் படிக்கத்தக்க பெரிய எழுத்துகளில், அவள் எழுதி வைத்த நெறி இது: முறை வந்தவர் விரும்பினால் பின்னவர்க்கு ஒருமுறை விட்டுக்கொடுக்கலாம், ஒருமுறைக்கு மேல் வேண்டாம். விட்டுக்கொடுக்கப்பட்டவர் அந்த முதல் அழைப்பிலேயே 'சரிங்க' என்று பெற்றுக்கொண்டு, நன்றி சொல்லி, குடித்து, அடுத்தவர்க்கு இடம் விடவேண்டும்.